இடதுகால் கியர்

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த அன்றே எனக்கு ஒரு சக்களத்தி இருப்பது தெரிந்துவிட்டது. சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு இன்ஜின் உட்கார்ந்திருந்தது.

“இது என்னங்க, சமையக்கட்டுல?”

“மழ பெய்யுது புள்ள. வெளிய வெச்சா துரு புடிச்சுப் போயிரும்.”

“அப்ப நான் நனைஞ்சா பரவால்லையா?”

“நீ துரு புடிக்க மாட்டயல்லோ” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. மனுஷன் அதையும் கவனிக்காமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர் எல்லையோரத்துத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே நாளெல்லாம் புது வண்டி பூட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் பழைய வண்டி. என்னைவிட வயதில் மூத்த இரண்டு வண்டிகளைக் காயலான் கடையிலிருந்து தூக்கி வந்திருந்தார். இரண்டுமே செத்துப்போனவை. ஒன்றின் இன்ஜினையும் இன்னொன்றின் சட்டத்தையும் சேர்த்து மண்ணில் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டி செய்தார். விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது. முன் மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். கல்லில் இடிக்காமலிருக்க இரண்டு புகைக்குழாயையும் மேலே தூக்கி வளைத்துவிட்டார். மண்ணைக் கவ்விப் பிடிக்கிற பட்டன் டயர். பார்க்கச் சகிக்காது. ஆனால் கிளம்பும் சத்தம் இருக்கிறதே, தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அந்த வண்டியில் எல்லாமே இடது கால்தான். உதைத்துக் கிளப்புவதும் இடது கால், கியர் போடுவதும் இடது கால். இரண்டுக்கும் ஒரே கம்பி. உதைத்து முடித்து மடக்கினால் அதுவே கியர் கம்பி. பிரேக் வலது காலில்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரிக்குப் போவோம். அவரைப் போலவே பழைய வண்டியைப் பிரித்து மேய்ந்த ஆட்கள் சிலர் அங்கே வருவார்கள். ஏரிக்கரை மேலேறி, சரிவில் இறங்கி, நடுவில் இருக்கிற கருவேலம் புதர்களைச் சுற்றி வரவேண்டும். அவர் சீட்டில் உட்காரவே மாட்டார். கால்கம்பியில் நின்றபடி, முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, குதிக்கிற வண்டியைப் பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே போவார். நான் கரையில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்து ஆரம்பத்தில் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எப்போது எழுந்து நின்று கத்த ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு முன்னால் ஒருத்தர் போய்விட்டால் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். முகமெல்லாம் மண்ணோடு வந்து நிற்பார், பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் போனேன். இப்போது சொல்ல என்ன வெட்கம்!

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் திகைத்து நின்றோம். கடைசியில் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. போலீஸ்காரர்கள் ஓட்டுகிற மாதிரியான பெரிய வண்டிகளைப் பழுது பார்க்கிற இடம். பழுது பார்த்த ஒவ்வொரு வண்டியையும் அவரே ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். அந்த வண்டிகளில் எல்லாம் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

நடு ரோட்டில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டால்? அதனால் தினமும் அவர் செருப்பு மாட்டும்போது வாசலில் நின்று கேட்பேன்.

“இன்னிக்கு பிரேக்கு எந்தக் காலு?”

“எடது.”

“சத்தமா சொல்லுங்க.”

“எடதுகாலுங்க அம்மணி!” என்று ஸ்கூல் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொல்வார். எதிர்வீட்டுக் கன்னட அம்மா, “ஏன்ரீ இது, தினா தினா பரீட்சையா?” என்று சிரிப்பார். சிரிக்கட்டுமே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பரீட்சை கிடையாது. சொந்த வண்டிக்கு யாராவது பாடம் படிப்பார்களா?

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரம், என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கரைச் சரிவில் இறங்கினார். நூறு தடவை இறங்கிய சரிவுதான். கீழே மண் எடுத்த பள்ளம் ஒன்று புதிதாக இருந்தது. அவர் பார்த்துவிட்டார். காலை ஓங்கி மிதித்தார். இடது காலை. வண்டி நிற்கவில்லை.

எனக்குக் கை முறிந்தது. அவருக்குச் சிராய்ப்புதான். ஆஸ்பத்திரியில் என் கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதார். வலியில் இருந்த நான்தான் அவரைச் சமாதானப்படுத்தவேண்டியிருந்தது.

“எங்காலு எம்பேச்சக் கேக்கல புள்ள” என்றார். “நாம் பிரேக்குன்னுதான் மிதிச்சேன்.”

எந்த வண்டியில் தவறு நடக்கும் என்று நான் பயந்தேனோ அதில் நடக்கவில்லை. கால் புது வண்டியைக் கற்றுக்கொண்டு, எங்கள் வண்டியை மறந்துவிட்டது.

அதன்பின் அவர் அதில் ஏறவில்லை. வண்டி செய்த பிறகு கொல்லையில் போட்ட தகரக் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“அந்த வேலையே வேணாங்க, விட்டுடுங்க. வேற பாக்கலாம்” என்றேன்.

“உட்டுப்போட்டு என்னத்தத் திங்கறது? காலு ரெண்டு எசமானுக்கு ஒழைக்காது புள்ள. சோறு போடற பக்கந்தான் போவும்.”

அவரை எப்படியாவது மறுபடி ஏற்றிவிடவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. கை கூடியதும் ஒரு தந்திரம் செய்தேன். “எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க” என்றேன். அவருடைய பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். என் கணக்கு இதுதான்: நான் வண்டியைப் படாதபாடு படுத்தினால், பொறுக்கமுடியாமல், “தள்ளு புள்ள, எங்கிட்டக் குடு” என்று பிடுங்கிக்கொள்வார். அதனால் வேண்டுமென்றே கியரைக் கடகடவென்று அரைத்தேன். வேண்டுமென்றே மேட்டில் இன்ஜினை அணைத்தேன். வேறு யாராவது செய்திருந்தால் கை நீட்டியிருப்பார். என்னிடம் கரையில் நின்றபடி, “மெல்ல, மெல்ல, கம்பிய முழுசா அமுத்து” என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. திட்டேன் மனுஷா, ஒரு தடவை திட்டேன்!

ஒரு நாள் அந்த ஆத்திரத்தில் நிஜமாகவே ஓட்டிவிட்டேன். எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, கரை ஏறி இறங்கிப் புதர்களைச் சுற்றி வந்தேன். அட, உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பினால் அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி. அந்தக் கைதட்டலைக் கேட்டபோதுதான் நான் தோற்றுப்போனேன் என்று தெரிந்தது. அவருக்கு என்மேல் பொறாமைகூட இல்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். நான் சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். “நிக்க நிக்கச் செத்துப்போயிரும் புள்ள. ஓடட்டும், எங்கியாவது ஓடட்டும்” என்றார்.

குண்டலுபேட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வாங்க வந்தார். கன்னடக்காரர், பழைய வண்டிகளில் பைத்தியம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தூக்கி வளைத்த புகைக்குழாயைத் தடவிப் பார்த்து, யார் செய்த வேலை என்று கேட்டார். இவர் குனிந்து டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். வந்தவர் சாவியை இவரிடமே நீட்டி, “ஒந்து ரவுண்டு ஓடிசி தோர்சி” என்றார், ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லி.

ஏறிவிடுங்கள், சாமி, ஒரே ஒரு தடவை ஏறிவிடுங்கள்.

அவர் சாவியை வாங்கி என் கையில் வைத்தார். வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “நனகே ஓடிசோக்கே பரல்லா சார்” என்றார். “இவளே ஓடிசோது.”

எனக்கு ஓட்டத் தெரியாது, இவள்தான் ஓட்டுவாள் என்று அர்த்தம். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் பார்த்துக்கொண்டே இருக்க, நான் போய் வண்டியை உதைத்தேன்.