பாலத்தைத் தாண்டாத ரெய்னோ

மினசோட்டாவின் வடகோடியில் ஆற்றுக்கு இக்கரை அமெரிக்கா, அக்கரை கனடா. இடையில் ஒரு பாலம். ரெய்னோ நிஸ்கனனுக்கு வயது இருபத்தாறு, ஹீட்டர் பழுதுபார்ப்பவன். யார் கூப்பிட்டாலும் போவான். அக்கரையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் ஒருமுறை முதுகுவலி, ஒருமுறை வண்டிக் கோளாறு, ஒருமுறை பூனைக்கு உடம்பு சரியில்லை.

பூனை என்றதும்தான் தங்கை ஐலாவுக்குச் சந்தேகம் தட்டியது. அவன் பூனையே வளர்க்கவில்லை.

ஜனவரியில் அவளுக்கும் அக்கரை டெஸ்மண்டுக்கும் அங்கேயே கல்யாணம். அப்பா இல்லாத வீடு. மணமேடைக்கு அவளைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவன் ரெய்னோதான். அவனோ "பாக்கலாம்" என்பதைத் தாண்டவில்லை.

"உங்கண்ணனுக்கு மாப்பிள்ளையப் பிடிக்கலையோ?" என்று மதுக்கடை வெர்னா கிளறிவிட்டாள்.

ஐலாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தன் வீட்டு நிலவறையில் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"டெஸ்மண்டைப் பிடிக்கலையா, அண்ணா?"

"அவன் நல்ல பையன்."

"அப்புறம் எதுக்குப் பூனைக்குக் காய்ச்சல்?"

ரெய்னோ திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அந்த ஏரிக் கேஸ்தான்."

ஏரிக் கேஸ் ஊருக்கே தெரிந்த வேடிக்கை. பத்தொன்பது வயதில், உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிலில் பீர் குடித்துவிட்டுப் பனிக்கட்டிமேல் வண்டியோட்டி வந்தான். மடக்கிய போலீஸ்காரரிடம், "ஏரியில ஏது சார் ரோடு?" என்று கேட்டான். சட்டத்துக்கு ஏரியும் சாலையும் ஒன்றுதான். குடிக்கும் வயதும் அவனுக்கு ஆகியிருக்கவில்லை. உரிமம் போனது. வருவதாக இருந்த மரலாரி ஓட்டும் வேலையும் போனது.

"அதெல்லாம் ஏழு வருஷமாச்சே!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு வருஷம் முன்னாடி ஹாக்கி பாக்கப் போனேன். பாலத்துல கனடா அதிகாரி கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டினதும் கேஸ் வந்து நின்னுடுச்சு. குடிச்சுட்டு வண்டி ஓட்டின கேஸ் இருந்தா உள்ள விடமாட்டாங்களாம். திருப்பி அனுப்பிட்டாங்க. இப்போ உன் கல்யாணத்துக்காக அனுமதி கேட்டு எழுதியிருக்கேன். ஜனவரிக்குள்ள பதில் வராதாம்."

"ஏன் சொல்லல?"

"ஊரு இன்னும் சிரிச்சு முடிக்கலையே. இதையும் சேத்துச் சிரிக்கணுமா?"

அன்று மாலையே ஐலா டெஸ்மண்டை அழைத்தாள். அவன் ரெய்னோவிடமே பேசினான்: "வரமுடியாதவன் நீ ஒருத்தன், மச்சான். நாங்க எல்லாரும் வரலாமே! கல்யாணத்தை உன் ஏரியிலேயே வெச்சுக்கலாம்."

ஜனவரியில் விருந்தினர்களின் வண்டிகள் பனிக்கட்டிமேல் வரிசையாகக் குடில்களை நோக்கிப் போயின. ரெய்னோவின் வண்டி மட்டும் கரையில் நின்றுவிட்டது. அந்தக் கேஸுக்குப் பிறகு அவன் ஏரியில் சக்கரம் வைத்ததில்லை.

வெர்னா தன் வண்டிக் கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்கடா! இன்னிக்கு நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல!"

"நீ போ அக்கா. நாங்க நடந்தே வர்றோம்."

கல்யாண உடுப்புக்குக் கீழே ரோமக் காலணி போட்டிருந்த ஐலா அவன் கையைப் பற்றிக்கொண்டாள். பாதி தூரத்தில் கேட்டாள்:

"அந்தப் பூனைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல."