பாதி மொட்டை

எங்கள் தொழிலில் முதல் ஒரு வாரம் நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்போம்; பெற்றோர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இதற்கா சம்பளம் என்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கெல்லாம் இந்தப் பார்வை பழகியிருக்கும். எண்பதுகளின் கடைசியில், எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கு வந்த குகனின் அப்பா, அப்படிப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

நாய்க்குட்டி

குகனுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. தலையில் யார் கை பட்டாலும் அலறுவான். அப்பாவோ தண்ணீர்மலைக் கோயிலில் அவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் நாலு பேர் பிடித்தும் முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் பையன் அப்பா பக்கமே போகவில்லையாம்.

"மூணு மாசம் குடுங்கண்ணே, பிடிக்காமலே செஞ்சிடலாம்" என்று வாய்விட்டுவிட்டேன். என் கை அவன் தலையில் ஒரு நொடி பட்டால் ஒரு துண்டு கெரோப்போ, அவனுக்குப் பிடித்த இறால் அப்பளம். பழகியதும் இரண்டு நொடிக்கு ஒன்று. தான் வேலை பார்த்த மாக் மண்டின் பேட்டைத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா, கைகட்டி நின்று பார்த்தார். "என்னா டீச்சர், நாய்க்குட்டிக்குப் போடற மாதிரி இருக்குலா."

காற்று வெட்டியவர்

அடுத்து, முடிவெட்டும் மணியம் அண்ணனின் கடை. முதல் நாள் வாசல்வரை போய்த் திரும்பினோம். மறுநாள் நாற்காலியைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். பிறகு ஒரு வாரம் கத்திரிக்கோல் சத்தம் மட்டும். பாவம், அண்ணன் வெறுங்காற்றை வெட்டியே களைத்துப்போனார். "தலை எப்பத்தான் வரும் டீச்சர்?"

யார் வாத்தியார்?

ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தவன் திடீரென்று அலறினான். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போனது. அவசரமாகக் கெரோப்போவைக் கையில் திணித்தேன், அடங்கினான். மறுநாளும் அலறினான், மறுநாளும் கொடுத்தேன். நாலாம் நாள் மணியம் அண்ணன் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அவன் கத்தினா நீங்க குடுக்கிறீங்க. இங்க யாரு டீச்சர்?"

மலையில்

வெட்கமாக இருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி. அன்றோடு விதியை மாற்றினேன். அலறினால் ஒன்றும் கிடையாது. அவன் கையைத் தூக்கினால் அந்த நொடியே எல்லாம் நிற்கும் என்று அவனுக்குப் பழக்கினேன்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே மலைக்குப் போனோம். மணியம் அண்ணனும் எங்களுக்காக வந்தார். வலது பக்கம் மழித்து முடித்தபோது குகன் கையைத் தூக்கினான். சவரக்கத்தி நின்றது. பாதி மொட்டையோடு அவன் உட்கார்ந்திருக்க, வேடிக்கை பார்த்த ஒருவர், "புடிச்சு அமுக்குங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்று நெருங்கினார். இப்போது பிடித்தால் அவன் தூக்கிய கைக்கு இனி மதிப்பே கிடையாது. அப்பா எழுந்து குறுக்கே நின்றார். "தொடாதீங்கண்ணே. என் மகன் நிப்பாட்டச் சொல்றான்."

அரை மணி நேரம் கழித்துக் குகனே மணியம் அண்ணனின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். எங்கள் தொழிலில் அரை மணி நேரம் என்பது மின்னல் வேகம்.