பதில் வராத கம்பி

இந்த ஊரில் நான் வேலை பார்க்கும் இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால் அது வாயைத் திறக்காது. தப்பு நடந்தால் மட்டும் கடகடவென்று காகிதத்தில் ஒரு வரி அடித்துத் தள்ளும். ஆகவே காலையில் பனி அப்பிய கோட்டைக் கழற்றி மாட்டியதும் நான் முதலில் தேடுவது வெறும் காகிதத்தைத்தான். காகிதம் வெள்ளையாக இருந்தால் நல்ல சேதி. நாற்பத்தாறு வயதில், ஒன்றும் எழுதாத தாளைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் என்னை விஞ்ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தரைக்குக் கீழ்த் தளத்தில், பீரோ உயரத்துக்கு நிற்கும் கம்ப்யூட்டருக்குப் பணிவிடை செய்பவன் நான். காந்த நாடாவை மாற்றுவது, காகிதம் போடுவது, மாணவர்கள் அதற்குள் விட்டுப் போகும் வேண்டாத கோப்புகள் என்ற குப்பையைப் பெருக்குவது. ‘டெலிடைப் அடிக்கத் தெரிந்த ஆள் தேவை’ என்ற விளம்பரத்தை இங்கேயே குடியிருக்கும் என் தங்கை புருஷன் யூசுப்தான் பேப்பரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தான். செங்கல்பட்டுத் தந்தி ஆபீசில் பதினெட்டு வருஷம் டெலிபிரிண்டரைத் தட்டியவனுக்கு வேறென்ன வேண்டும்? நேர்முகத்தில் என் வேகத்தைப் பார்த்து இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்கள். வேலையில் உட்கார்ந்த பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. செங்கல்பட்டில் கம்பியின் மறுமுனையில் ஒரு ஆள் இருப்பான். இங்கே மறுமுனையில் யாரும் இல்லை. ஆனால் பதில் வருகிறது. முதல் நாள் மதியத்துக்குள் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடினேன். அதை அவர்கள் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

தந்தி ஆபீஸின் சட்டம் வேறு. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் போகிற கம்பிகளை உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். நாம் ஒரு சேதி அடித்தால், ‘வந்து சேர்ந்தது’ என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு வர வேண்டும். வராவிட்டால் சேதி போகவில்லை. பக்கத்து நாற்காலி முனுசாமி இதை ஒன்பதே சொல்லில் முடித்துவிடுவான்.

“அண்ணாத்த, பதிலு வர்லியா? லைன் செத்துகீது. திருப்பி அடி. இன்னா யோசன?”

பதினெட்டு வருஷம் நான் யோசிக்கவில்லை. பதில் வராவிட்டால் திருப்பி அடித்தேன். விரல்களுக்கு அது மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது.

இங்கே என் மேலதிகாரி ஹெலன் என்ற பெண். முப்பது வயதிருக்கும், என்னைவிட ஒரு சாண் உயரம். மூன்று மாதம் தற்காலிகம், அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டால் நிரந்தரம் என்றாள். கட்டளைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு அடித்துக்கொண்டிராமல், எல்லாவற்றையும் வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, அந்தக் கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் இயந்திரம் மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்யும். அதுதான் ஸ்கிரிப்ட். எல்லோரும் பயமுறுத்தினார்கள். எனக்கு அது மட்டும் சட்டென்று பிடிபட்டது. நம் ஊர் வாழ்த்துத் தந்தி இல்லையா? நாம் ஒரு எண்ணை மட்டும் அடிப்போம்; கல்யாண வீட்டில் ‘மணமக்கள் நீடூழி வாழ்க’ என்று முழு வாக்கியமாகப் போய் இறங்கும். அதே சங்கதிதான். இதை ஹெலனுக்கு விளக்கினேன். கல்யாணங்களுக்கு இந்தியாவில் கம்ப்யூட்டர் பயன்படுகிறது என்று அவள் புரிந்துகொண்டு, மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

திங்கள்தோறும் குப்பை பெருக்கும் ஸ்கிரிப்ட்தான் எனக்கு வைத்த பரீட்சை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹெலன் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். காகிதத்தில் ஒரு எழுத்தும் விழக்கூடாது. எழுதினேன். பரீட்சைக்கு முன்பே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரி விழுந்தது: 786 கிடைக்கவில்லை.

தவறு என்னுடையதுதான். எங்கள் வீட்டில் எந்தத் தாளையும், பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் 786 என்ற எண்ணைப் போடாமல் தொடங்கியதில்லை. பரீட்சைத் தாள், கடிதம், வேலைக்கு மனு, எல்லாவற்றுக்கும் தலையில் அது உண்டு. கை தானாக ஸ்கிரிப்டின் தலையிலும் போட்டுவிட்டது. இயந்திரம் அதையும் ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்திருக்கிறது.

“இந்த 786 என்ன செய்யும்?” என்று ஹெலன் கேட்டாள்.

“அதில்தான் தொடங்க வேண்டும்.”

“எதைத் தொடங்கி வைக்கிறது?”

“எல்லாவற்றையும்,” என்றேன் பணிவாக.

அவள் இரண்டு நாள் கையேடுகளைப் புரட்டித் தேடியிருக்கிறாள். பிறகு வந்து, காணாமல் போன நிரலுக்காக வருந்துகிறேன், அந்த வரியை மட்டும் எடுத்துவிடு என்றாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நடுவே இதைச் சொன்னபோது யூசுப்புக்குப் புரையேறிவிட்டது.

“இன்னா மச்சான், அல்லா பேர வச்சிகினு மெஷினையே பேஜார் பண்ணிட்டியே. ஒழுங்கா அத்த எடுத்துடு. வேல நிலைக்கணும்ல? அங்க ஒரு பொம்பள உன் லெட்டருக்குக் காத்துகினு கீறா.”

அந்தப் பெண் என் மனைவி ஜுபைதா. விஷயம் அவளைச் சுற்றித்தான். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சதுரங்கப்பட்டினத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது மாமல்லபுரத்தில் இறங்கினோம். கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்கள் குனிந்தும் படுத்தும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகள் ஆயிஷா அவர்களுடைய தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜுபைதா மணலில் உட்கார்ந்து சொன்னாள்:

“அவங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து நம்ம கல்லப் பாக்க வராங்கோ. நீங்க இன்னாத்தப் பாக்கப் போறீங்கோ?”

“பனி பாக்க,” என்றேன்.

“வேல நிலச்சா எழுதுங்கோ, பொண்ண இட்டுகினு வரேன். நிலைக்கலியா, அதயும் எழுதுங்கோ, நீங்க திரும்பி வந்துடுங்கோ. தமாஷ் மட்டும் எழுதாதீங்கோ மச்சான். உங்க தமாஷ்ல எது நெசம்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

அவளுடைய மௌனமும் எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. எங்கள் நிக்காஹ் அன்று, பெண் சார்பில் பேசும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் உள்ளறைக்குப் போய்ச் சம்மதம் கேட்டார்கள். அவள் பேசவில்லை. பெண் வெட்கப்பட்டுப் பேசாதிருந்தால் அதுவே சம்மதம் என்பது வழக்கம். வெளியே வந்து சம்மதம் என்றார்கள். நானும் பூரித்துப் போனேன். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: “அன்னிக்கி எனக்குத் தொண்ட கட்டிகினு இருந்துச்சு.” அது நிஜமா, என்னிடம் கற்றுக்கொண்ட தமாஷா என்று கேட்டேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்பு நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன். பரீட்சை முடியும் முன்பே ஜுபைதாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன்: வேலை நிலைத்த மாதிரிதான், பாஸ்போர்ட்டுக்கு உனக்கும் ஆயிஷாவுக்கும் போட்டோ எடுத்து வை, செங்கல்பட்டு ஸ்டுடியோவில் எடுக்காதே, அங்கே எடுத்தால் கனடாக்காரன் பயந்துவிடுவான். மூன்று பக்கம், முப்பது தமாஷ்.

காலை ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தேன். 786 வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். முதல் வரியை அழி என்று அடித்தேன். இயந்திரம் பேசவில்லை. ஹெலன் கதவைத் திறந்து வருவது தெரிந்தது. இந்த ஊர் இயந்திரம் பேசாமலிருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மூன்று மாதமாகத் தினமும் அதைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். ஆனால் பயம் வந்த நிமிஷத்தில் என் விரல்கள் கனடாவில் இல்லை. லைன் செத்துகீது, திருப்பி அடி. முதல் வரியை அழி என்று இன்னொரு தடவை அடித்தேன்.

786 முதல் தடவையிலேயே போயிருந்தது. ஆகவே அடுத்து நின்ற வரி முதல் வரியாகியிருந்தது. இரண்டாவது தடவை போனது அது. ‘குப்பை இருக்கும் இடத்துக்குப் போ’ என்பது அந்த வரி. மிச்சம் இருந்தது, ‘இருப்பதையெல்லாம் அழி’ என்பது.

ஹெலன் பின்னால் வந்து நின்றாள். ஸ்கிரிப்டின் பெயரை அடித்தேன். எங்கும் போகச் சொல்லாததால் அது எங்கும் போகவில்லை. நின்ற இடத்தையே துடைத்தது. நின்ற இடம் என்னுடையது. மூன்று மாதமாக நான் எழுதிய பாடக் குறிப்புகள், பழகிப் பார்த்த ஸ்கிரிப்டுகள், கடைசியில் அந்த ஸ்கிரிப்டும் போயிற்று. காகிதத்தில் ஒரு எழுத்தும் விழவில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது. நான் திரும்பி ஹெலனைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கை குலுக்கினோம். உள்ளே என்னதான் நடந்தது என்று பார்க்க அவள் ஒரு கட்டளை அடிக்கும் வரை, அரை நிமிஷம், நான் நிரந்தர ஊழியன்.

அவள் திட்டவில்லை. நாடாவிலிருந்து பழைய பிரதியை மீட்டாள். இரண்டு வார வேலை மட்டும் திரும்பவில்லை. மீண்டு வந்த ஸ்கிரிப்டின் தலையில் 786 அப்படியே இருந்தது. அவள் அதன் முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தாள். “இனி இயந்திரம் இதைப் பார்க்கும், ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போகும். உனக்கு முக்கியம் என்றால் இருக்கட்டும்,” என்றாள். அதற்குப் பிறகு அவள் அன்று முழுவதும் பேசவில்லை. நான் மறுபடியும் தப்புக் கணக்குப் போட்டேன். பேசவில்லை, ஆகவே எல்லாம் சரி. திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. தற்காலிகம் இன்னும் மூன்று மாதம்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஜுபைதாவிடமிருந்து பதில் வரவில்லை. போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம் என்று வைத்தாலும் எப்போதோ வந்திருக்க வேண்டும். பகலில், அந்தக் குளிர்ந்த அறையில், இந்த ஊர் வழக்கப்படி தைரியம் சொல்லிக்கொள்கிறேன்: சத்தம் இல்லை, ஆகவே எல்லாம் சரி, போட்டோ எடுத்திருப்பாள், பெட்டிகூட வாங்கியிருப்பாள். வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் முனுசாமி காதுக்குள் உட்கார்ந்துகொள்கிறான். அப்போது கடற்கரை மணலில் அவள் சொன்னதும் ஞாபகத்துக்கு வருகிறது. முப்பது தமாஷில் எது நெசம் என்று அவள் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், பேசாமல் இருந்துவிட்டாளோ.

யூசுப் ஒரே போடாகப் போட்டான்: “திருப்பி எழுது மச்சான். இன்னா கெடக்குது இதுல?”

எழுதிவிட்டேன். தலையில் 786. கீழே நாலே வரி, ஒரு தமாஷும் இல்லை. வேலை நிலைக்கவில்லை. நான் சொன்னது பொய். இன்னும் மூன்று மாதம் கேட்கிறார்கள். நீ வருகிறாயா, நான் வரட்டுமா?

முந்தாநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துப் பக்கத்திலிருக்கும் தபால் பெட்டிக்கு அதைக் கொண்டு போனேன். இங்கேயும் பெட்டி சிவப்புதான். அந்த ஒன்றில் மட்டும் செங்கல்பட்டு. உறையின் தபால்தலையில் இந்த ஊர் ராணி, கீழே ஜுபைதா இப்போது இருக்கும் அவள் அம்மா வீட்டுச் சதுரங்கப்பட்டினத்து விலாசம். வாய்க்குள் பாதி தள்ளிவிட்டேன். அப்போதுதான் விரல் நின்றது. ஒருவேளை முதல் கடிதமே போய்ச் சேர்ந்து, அது செய்ய வேண்டியதை அவள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாளோ. இரண்டாவது தடவை அடித்தால் போவது அடுத்த வரியோ.

என் பஸ் வந்தது, கதவைத் திறந்து காத்திருந்தது, போய்விட்டது. நான் அப்படியே நின்றேன். உறையில் பாதி பெட்டிக்குள் இருந்தது. பாதி என் கையில்.