அப்பாவின் பத்தியம்

வருகிற அமாவாசையோடு எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "நல்லதா நாலு பக்கம் எழுதுங்கக்கா" என்று தம்பி பெங்களூரிலிருந்து ட்ரங்க் கால் போட்டுச் சொன்னான். நல்லதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா ஏரியூர்ப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். மழை பொய்த்த ஒரு வருடம் தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு அதியமான்கோட்டைக்கு வந்து, பெங்களூர் ரோட்டோரம் புளியமரத்தடியில் பஞ்சர் கடை போட்டார். அந்தக் கடையை வைத்தே இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தார், எங்களையும் படிக்க வைத்தார். லாரி வரும் சத்தத்தைக் கேட்டே இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவார். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை. சாப்பாட்டில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். ராகிக்களி உருண்டையின் நடுவில் குழி பறித்து, அது வழிய வழியப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டும். விருந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் "களி இருக்குதா?" என்றுதான் கேட்பார்.

தர்மபுரிக்கு டிவி வந்த வருடம் அப்பாவுக்கு மறதியும் வந்தது. முதலில் ஸ்பேனரைத் தேடினார். பிறகு கடைக்குப் போகிற வழியைத் தேடினார். அதியமான்கோட்டையிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த நான் தினமும் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் என்னைப் பார்த்து, "வாங்க, யார் வூட்டுப் பொண்ணுங்க நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். டவுனில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதைத் திருப்புற மருந்து எதுவும் எனக்குத் தெரியலைம்மா. பிடிச்சதைக் குடுங்க, தனியா மட்டும் விடாதீங்க" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நம் சொந்தபந்தம் விடுமா? பொம்மிடியிலிருந்து சித்தப்பா வல்லாரை லேகியத்தோடு வந்தார். மூளை நரம்பெல்லாம் துளிர்விடுமாம். ஏரியூர் அத்தை நெல்லிக்காய்ப் பொடி இடித்துக் கொண்டு வந்தார். தம்பி தன் பங்குக்கு, இலைப் படம் போட்ட வெளிநாட்டு மாத்திரை ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அந்த இலை எந்த மரத்து இலை என்று அவனுக்கும் தெரியாது. அலமாரியில் சாமி படத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

மருந்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், கூடவே பத்தியமும் வந்தது. லேகியத்துக்குப் புளி ஆகாது, பாகற்காய் ஆகாது. பொடிக்குக் களி ஆகாது, வாயுவாம். மாத்திரையைப் பாலோடு சாப்பிடு என்றான் தம்பி, பாலே கூடாது என்றார் அத்தை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் குழைந்த சோறும் பாசிப்பருப்பும்தான் மிச்சம். வாசலில் புளியம்பழம் கொட்டிக் கிடக்கிற ஊரில், எங்கள் வீட்டில் மட்டும் புளி கரைப்பது நின்றுபோனது. வாசனை அவர் மூக்குக்கு எட்டிவிடும் என்று அம்மாவும் புளியை விட்டுவிட்டார்.

"பத்தியம் முறிஞ்சா மருந்தே விஷமாயிடும்ங்க அண்ணி" என்று சித்தப்பா போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அம்மா நடுங்கிப்போவார். சித்தப்பா அடுத்த முறை வந்து, "அண்ணா, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று பரீட்சை வைப்பார். அப்பா விழிப்பார். சித்தப்பா உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "எங்கியோ பத்தியம் தப்பியிருக்குதுங்க" என்பார். ஒரு தடவையாவது லேகியத்தின் மேல் சந்தேகம் வரவேண்டுமே! வரவே வராது.

அப்பாவோ எங்கள் பெயர்களையெல்லாம் மறந்தார், களியை மறக்கவில்லை. தினமும் தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னிக்குக் களி கிண்டலியா?" என்பார். "நாளைக்குக் கிண்டறேங்க" என்பார் அம்மா. சரி என்று பருப்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நேற்றும் இதையேதான் சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவிருக்காது. நினைவிருந்திருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார், எறியவும் வேண்டும். அவருடைய மறதியைப் போக்கத்தான் அத்தனை மருந்தும். அந்த மறதி இருந்ததால்தான் பத்தியத்தையே எங்களால் நடத்த முடிந்தது. இதை நான் சத்தம் போட்டுச் சொன்னபோது, "உனக்கு அப்பா மேல அக்கறை இல்லியா பாப்பா?" என்று சித்தப்பா கேட்டார்.

கடைசி வாரம் அப்பா படுத்துவிட்டார். அப்போதும் லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு எடுத்து நாக்கில் தடவினார்கள். "களி" என்றார். "நாளைக்குங்க" என்றார் அம்மா. அந்த நாளை வரவில்லை.

காரியத்தன்று படையல் போட்டோம். அம்மா யாரையும் அடுப்பருகே விடாமல் தானே களி கிண்டினார், புளிக்குழம்பு வைத்தார். இலை போட்டு எல்லாம் பரிமாறியாயிற்று. அப்போது சித்தப்பா அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த லேகிய டப்பாவைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார். "அண்ணன் கடைசி வரைக்கும் சாப்பிட்டதாச்சே" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் பாசத்தை நான் எப்போதும் சந்தேகித்ததில்லை, அந்தப் பாசத்தோடுதான் என் சண்டையெல்லாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குனிந்து டப்பாவை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கொழுந்தனாரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியறியாதவர். "அவருக்குப் பத்தியம் முடிஞ்சிடுச்சுங்க" என்றார்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த அனைவருக்கும், உள்ளதை உள்ளபடி சொன்ன டாக்டருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற லாரி டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நன்றி, மனதாரத்தான் சொல்கிறேன். அமாவாசையன்று எல்லோரும் வந்துவிடுங்கள். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அன்றைக்குக் களியும் புளிக்குழம்பும்தான் சாப்பாடு. அம்மா இப்போதே புளி வாங்கி வைத்துவிட்டார்.