பேசாத கார்ட் எனக்கு வேண்டாம்

பதினேழு வயதில் எனக்குப் பார்வை போனது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது என் கம்பியூட்டரின் கதை.

தண்ணீரூற்று என்ற ஊரில் தங்கச்சியோடு இருக்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவாக்குவது என் வேலை. ஆசிரியர்கள் போனில் வாசித்து அனுப்புவார்கள். இருமலையும் நாய் குரைப்பையும் வெட்டியெடுத்து, அத்தியாயம் அத்தியாயமாக ஒழுங்குபடுத்துவேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு குரல் கம்பியூட்டரில் இருக்கிறது. அது பேசும், நான் செய்வேன்.

ஒருநாள் ஹாட் டிஸ்க் பழுதாகி, உயர்தர வகுப்பின் வரலாற்றுப் புத்தகம் முழுவதும் போய்விட்டது. வாசித்துத் தந்த ஆசிரியையும் தன் போனிலிருந்து அதை அழித்துவிட்டிருந்தார். அவருக்குப் போன் எடுத்து, மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. இனி எந்தப் பதிவும் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டும், ஒன்று செத்தாலும் மற்றது இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

தங்கச்சியும் நானும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனோம். கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டார். பதிலை மட்டும் தங்கச்சிக்குச் சொன்னார்.

“இதுக்கு ரெண்டு வழி இருக்குப் பிள்ளை. சொப்ட்வெயாராலை செய்யலாம், இல்லாட்டி ரெண்டு டிஸ்க்கையும் பாத்துக்கொள்ளுற தனிக் கார்ட் ஒண்டு உள்ளுக்குப் பூட்டலாம். உங்கட அக்காவுக்குக் கார்ட்தான் சரி. நாங்கள் பூட்டித் தந்தால் அவா ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“அண்ணை, அக்கா இஞ்சதான் நிக்கிறன்,” என்றேன். “அந்தக் கார்ட்டை எங்கை வைச்சுச் சரிப்படுத்துறது?”

“கம்பியூட்டர் தொடங்கக்கை முதல்ல ஒரு நீலத் திரை வரும். அதிலைதான்.”

“அதிலை என்ரை குரல் பேசுமோ?”

“இல்லை. அந்தக் குரல் பேந்து, கம்பியூட்டர் முழுசாத் தொடங்கினாப் பிறகுதான் வேலை செய்யும்.”

“கார்ட் பழுதானால்?”

“அதே மாதிரிக் கார்ட் ஒண்டு தேட வேணும். கிடைக்கிறது கஷ்டம்தான். ஆனால் நாங்கள் இருக்கிறம்தானே, கொண்டு வாங்கோ.”

கார்ட் வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு அது போதும். ஒவ்வொரு தடவையும் கம்பியூட்டரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிவந்து, இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பி நிற்க வேண்டும். அந்த வாழ்க்கையை நான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் வாழ்ந்துவிட்டேன்.

“ஒரே அளவிலை ரெண்டு டிஸ்க் தாங்கோ. கார்ட் வேண்டாம், குரல் பேசுற இடத்திலை சொப்ட்வெயாராலை நானே செய்யிறன்.”

“அவாவாலை ஏலாது பிள்ளை,” என்று மறுபடி தங்கச்சியிடம்தான் சொன்னார்.

“ஏலுமோ ஏலாதோ எண்டு நான் பாக்கிறன்,” என்றேன்.

மறுநாள் காலை கம்பியூட்டரின் பெட்டியைக் கழற்றினேன். திருகாணிகளை வெறும் யோகட் கோப்பைக்குள் போட்டேன். வயரின் முனை ஒரு பக்கம் மடிந்திருக்கும், விரலுக்கு அது தெரியும். பிழையாகச் செருக அது விடாது. தடவி அடையாளம் காண முதல் டிஸ்க்குக்கு ஒரு றப்பர் வளையம் போட்டேன், மற்றதை வெறுமையாக விட்டேன். தங்கச்சி இரண்டு தடவை “நான் பாத்துச் சொல்லவோ?” என்றாள். இரண்டு தடவையும் அவளைச் சமையலைப் பார்க்கக் குசினிக்கு அனுப்பினேன். குரல் வாசிக்க வாசிக்க சொப்ட்வெயாரைச் சரிப்படுத்தினேன். அன்று பின்னேரம் குரல், இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகிவிட்டன என்றது. நான் கதிரையில் இருந்தபடியே கை தட்டினேன்.

அடுத்த மாரியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் காலையில் கம்பியூட்டரின் குரல், ஒரு டிஸ்க் பழுது என்று அறிவித்தது. பெட்டியைத் திறந்து இரண்டிலும் விரல் வைத்தேன். வளையம் போட்டது ஒரே சீராக அதிர்ந்தது. மற்றது டக், டக் என்று தட்டிவிட்டு நின்றது. கம்பியூட்டரை நிறுத்தி, செத்ததைக் கழற்றி, தங்கச்சி வாங்கிவந்த புதியதைப் பூட்டினேன். ஒரு பதிவும் போகவில்லை.

ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒருநாள் அவசரத்தில் புவியியலின் ஓர் அத்தியாயத்தை நானே அழித்துவிட்டேன். நான் சொன்னதை இரண்டு டிஸ்க்கும் அப்படியே செய்தன. இரண்டிலும் அது இல்லை. வாசித்தவர் தன் போனில் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினேன். இப்போது மூன்றாவதாக ஒரு டிஸ்க் அலுமாரிக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதில் பிரதி எடுக்கிறேன்.

“அண்டைக்கே அந்தாள் சொன்ன கார்ட்டை வாங்கியிருக்கலாம்,” என்றாள் தங்கச்சி.

“கார்ட்டும் ரெண்டிலையும் சேத்துத்தான் அழிச்சிருக்கும்,” என்றேன். “அழிச்சது நான். அந்தப் பிழையையாவது என்ரை எண்டு விடு.”