ஆலாங்காட்டுச் சாளை ஜெபவீட்டுக்குப் போகும் வழி

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கப்பலேறிப் போய் வந்தவர்களாக இருப்பார்கள். நான் போய் வந்தது பதின்மூன்று மைல். அதையும் எழுதலாமா கூடாதா என்று இரண்டு வாரமாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடிவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். நம் சபைப் பத்திரிகையில் பெரியவர்கள் எழுதும் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டதற்குச் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. பேச வந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஆலாங்காட்டுச் சாளை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பத்தொன்பது குடும்பங்கள். எல்லோரும் நம் சபையார். அங்கே ஒரு ஜெபவீடு; வார நாட்களில் அதுவே பள்ளிக்கூடம். பதினொரு மாதத்துக்கு முன் அங்கிருந்த உபதேசியார் கண் பார்வை மங்கி, தாராபுரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் ஜெபவீடு எதற்கு, ஜூன் மாதக் கூட்டத்தில் மூடிவிட்டுப் பெஞ்சுகளையும் மணியையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கமிட்டியில் பேச்சு. அதற்கு முன் யாராவது பத்து நாள் தங்கியிருந்து, அந்த ஜனங்களுக்கு இன்னும் ஆவல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். எனக்குச் சட்டென்று காரணம் சொல்ல வராததால் நான் போவதாக ஆயிற்று.

உண்மையில் கோடை விடுமுறைக்குப் போக எனக்கு வேறு இடமும் சரியாக இல்லை. என் அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான், பி.ஏ.வும் தேறினேன். அதிலிருந்து நான் வீட்டுக்குப் போனால் அம்மா புதுப்பாயை எடுத்து விரிக்கிறார். அப்பா பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விடுதியிலோ மற்ற ஆசிரியைகள் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பெண்கள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பாதி நேரம் விளங்குவதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நான் விருந்தாளியாகிவிட்டேன். ஜெபம்பண்ணுவதும் ஒரு வருஷமாகக் குறைந்து, படுக்கப் போகும்போது கண்ணை மூடித் திறப்பதோடு நின்றிருந்தது.

ஏப்ரல் கடைசி வாரம், வியாழக்கிழமை புறப்பட்டேன். விடுதியிலிருந்து உக்கடத்துக்கு ஜட்கா இரண்டணா. தொண்டாமுத்தூர் பஸ் ஆறரைக்கு என்பார்கள். ஆள் நிறைந்த பிறகு ஏழு பத்துக்குத்தான் எடுத்தார்கள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் பெண்களை உட்கார வைக்கிறார்கள். இடது ஓரத்தில் உட்காருங்கள். வலது பக்கம் வெயில் பின்னாலிருந்து பிடரியில் அடிக்கிறது. பேரூரில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றக் கால் மணி நேரம் நின்றது. அதற்கப்பால் இரண்டு பக்கமும் தென்னை. எட்டேகாலுக்குத் தொண்டாமுத்தூர். பத்து மைல், நாலணா.

அங்கிருந்து மூன்று மைலுக்குப் பஸ் கிடையாது. சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்த வண்டி ஒன்று காலியாகத் திரும்புவதாக இருந்தது. வண்டிக்காரர் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூன்றணா என்று பேசி ஏறிக்கொண்டேன்.

“ஏனுங் அம்மணி, கூட ஆரும் வரலீங்களா?”

“இல்லீங்க.”

“தனியாவா வந்தீங்க? பயமா இல்லீங்களா? போன வாரந்தான் எங்க வாழைக்குள்ள ஆனை பூந்து பாதியத் தின்னுபோட்டுப் போயிருச்சு.”

“சாளைக்குள்ள வருமுங்களா?”

“அங்க வராதுங்க. அந்த ஜெபவூட்டுக்காரங்க எல்லாரும் சேந்து பாடறாங்க பாருங்க, அதுக்குப் பயந்தே ஆனை அந்தப் பக்கம் போறதில்லே” என்று சொல்லிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார். பிறகு, “நீங்க எந்த ஊட்டுப் புள்ளைங்க?” என்று கேட்டார். அப்பாவின் பெயரையும் மில்லையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எங்களுக்கு நடுவில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். சாளைக்கு இரண்டு பர்லாங் இருக்கும்போதே, “இதுக்கு மேல வண்டி வராதுங்க” என்று நிறுத்திவிட்டார். பாதை அகலமாகத்தான் இருந்தது. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். மணி பத்தேகால்.

ஜெபவீட்டை ஒட்டி உபதேசியார் தங்கியிருந்த அறை இருக்கிறது. பதினொரு மாதமாக ஆள் இல்லாத அறை. தரை அன்று காலைதான் மெழுகியதுபோல இருந்தது. சாராள் என்ற அம்மாள் சனிக்கிழமைதோறும் மெழுகி வருகிறாராம். நாற்பது வயது, பருத்திக் காட்டில் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை நடத்துகிறவரும் அவர்தான். எனக்காக ஜெபவீட்டிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்கள். வேளாவேளைக்கு ராகிக் களியும் கீரையும் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் வரவில்லை. இங்கேயும் விருந்தாளிதான் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் அந்தப் பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. உபதேசியார் நடத்திய கடைசி ஆராதனையை, அவர் சொன்னது சொன்னபடி, மனப்பாடமாகச் சாராள் நடத்தினார். “ஆண்டவரே, யோசேப்புக்குக் கால் வீக்கம் வடியட்டும்” என்று வேண்டினார். அந்த யோசேப்பு எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கால் நன்றாகவே இருந்தது. எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் அவர். பிறகு சாராள் அதே குரலில், “அந்த ஜன்னலச் சாத்துங்க கண்ணு, தூத்தல் அடிக்குது” என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐம்பது பேரும், “ஆமென்” என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னது, உபதேசியார் போன பிறகு இவர்களாகச் சேர்த்துக்கொண்டது:

“எங்களுக்கு ஒரு வாத்தியாரம்மாளக் கொண்டாந்து உடுங்க ஆண்டவரே. அவங்க இப்ப எங்கியோ இருப்பாங்க. காச்சல் கீச்சல் வராம, மனசு சோந்து போகாம, வேளைக்கு ஒரு வாய் சோறு திங்க வெச்சுப் பாத்துக்கங்க.”

போன வருஷம் விடுதியில் நான் நான்கு நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. எனக்காக யாரும் ஜெபம்பண்ணியிருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்ததும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் அவர்கள் கேட்ட வாத்தியாரம்மாள் இல்லையே. மூடலாமா என்று பார்க்க வந்த ஆள்.

மனம் கலங்கினால் அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் நடத்துவது. ஆராதனை முடிந்ததும் எழுந்து, ஜன்னலைப் பற்றிச் சொன்னது ஜெபம் இல்லை, அன்று மழை பெய்ததால் உபதேசியார் யாரிடமோ சொன்னது, அதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். யோசேப்பின் காலையும் சேர்த்துக்கொண்டேன். சாராள் மட்டும், “ஐயா சொன்னாருங்க. அதுல எது சாமிக்கு, எது ஜன்னலுக்குன்னு எங்களுக்கு எப்புடிங்க தெரியும்? அதான் ஒண்ணும் உடாமச் சொல்லிப்போட்டோம்” என்றார்.

அங்கே தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் கூடிப் பாடி ஜெபிப்பது வழக்கம். திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. “நீங்களே சொல்லிப்போடுங்க. எங்களுக்கு எது தப்புன்னு தெரியல” என்றார் சாராள். நான் ஏதோ வாசித்தேன். ஆமென்கூட வரவில்லை. இவர்களுக்கு ஆவல் இருக்கிறதா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொரு மாதம் ஆள் இல்லாமல் நின்ற ஜெபவீட்டை ஒரு நாளில் மூடிவிட்டேனோ என்று பயமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அறையில் இருக்க முடியாமல் பெண்களோடு பருத்திக் காட்டுக்குப் போனேன். என் கைக்குப் பஞ்சு பாதி வந்தது, சருகு பாதி வந்தது.

“பி.ஏ. படிச்ச கையப் பாருங்க! இதத் தறியில போட்டா வேட்டி வராது, வெளக்குமாறுதான் வரும்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

பக்கத்துச் சாலில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த சாராள் சிரிக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்: “வாத்தியாரம்மா, அப்ப நாங்க பதினோரு மாசமாக் கும்புட்டது சாமிக்குச் சேருலீங்களா?”

“சேந்துச்சுங்க” என்றேன். “வாத்தியாரம்மா வேணும்னு கேட்டீங்க. நான் வந்திருக்கேன்.”

அவர் நிமிர்ந்தார். “இருப்பீங்களா? பாத்துப்போட்டுப் போயிருவீங்களா?”

பத்து நாளைக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். “இருப்பேனுங்க” என்றேன். யோசிக்கும் முன்னே வந்துவிட்டது. முதலில் கேலி செய்தவளே, “இருங்க, நல்லா இருங்க. பஞ்சு எடுக்க மட்டும் வராதீங்க. எங்க கூலியும் சேந்து கொறஞ்சுரும்” என்றாள்.

அன்று சாயங்காலம் சாராள் ஜெபத்தை ஆரம்பித்தார். ஜன்னல் வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் யோசேப்பு சிரித்தார், பிறகு எல்லோரும். ஜெபம் மேலே நடந்தது. மறுநாள் சாராள் களித்தட்டை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து, தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

தனிமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். அந்த மலையடிவாரத்தில் பகல் இரண்டு மணிக்கு, எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு இருக்கும் அமைதி மிகவும் பெரியது. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். எது சாமிக்கு, எது ஜன்னலுக்கு என்று பிரிக்கத் தெரியாதவர்கள் ஒன்றையும் விடாமல் செய்துவந்தார்கள். பிரிக்கத் தெரிந்த நான் ஒவ்வொன்றாக விட்டுவந்திருந்தேன். ஜெபம் வறண்டுபோயிற்று என்று வருந்தும் சகோதரி யாராவது இதை வாசித்தால், தெரிந்த வார்த்தையை நாளைக்கும் சொல்லுங்கள். ஏதோ ஒரு விடுதியில் காய்ச்சலில் கிடப்பவளுக்கு அது போய்ச் சேரக்கூடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரம். காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது பிற்பகல் மூன்றுக்கு. அதில் போகாதீர்கள், ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதையில் யாரும் நடப்பதில்லை. வண்டி கிடைக்காவிட்டால் நடை ஒன்றேகால் மணி நேரம். நெருஞ்சி முள் நிறைய, செருப்பு அவசியம். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. புத்தகங்களைத் தகரப்பெட்டியில் வையுங்கள், கரையான் உண்டு. தபால் தொண்டாமுத்தூரோடு நின்றுவிடும். யாராவது போனால்தான் வரும்.

ஆவல் இருக்கிறது என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். நானே அங்கே போகிறேன் என்றும் எழுதினேன். சந்தோஷப்பட்டார்கள். ஆனால் தனிப் பெண்ணை மலையடிவாரத்தில் விட முடியாது, துணைக்கு இன்னொருவர் வேண்டும், ஜூன் கூட்டத்துக்குள் பெயர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மூடுவதுதான் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு யாராவது சிநேகிதி உண்டா என்று தலைவர் அன்பாகத்தான் கேட்டார். சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இல்லை.

அதனால்தான் மைலும் அணாவும் மணியும் இவ்வளவு சரியாக எழுதினேன். வருகிறவர் படித்திருக்க வேண்டியதில்லை. நான் அதிகம் பேசமாட்டேன். அதைப் பொறுத்துக்கொண்டால் போதும். அறையில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. உங்களில் ஒருவர் என்னோடு வந்து இருப்பீர்களா?