இந்தி டீச்சருக்கு வந்த இங்கிலீஷ் வகுப்பு

வேலை போய்விடும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் சரோஜம்மாள் அன்று ஓசூரில் பஸ் ஏறினாள். 1968 ஜூன், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். அவள் ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் இந்தி டீச்சர். மைசூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிகளில், அரசு உத்தரவால் ஜனவரியிலேயே இந்தி நின்றுபோயிற்று. முழுப்பரீட்சை வரை பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றியிருந்தாள்.

தலைமையாசிரியர் திம்மப்பன் சாக்பீஸை நீட்டினார்.

"ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் நீங்க எடுத்துக்குங்கம்மா. இங்கிலீஷ் சார் சேலத்துக்கு மாத்தலாயிட்டாரு."

சரோஜம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்! எனக்கு இங்கிலீஷ் வராதுங்களே!"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணீங்க இல்ல? புள்ளைங்களுக்கும் வராது. போங்க."

வேலை போயிருந்தால்கூட அழுதுவிட்டு ஓய்ந்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கால்கள் வகுப்புக்குப் போயின; தலை இன்னும் திம்மப்பனின் அறையிலேயே நின்றது.

வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் பாதிக்கு மேல். புதுப் புத்தகத்தில் கத்திப் படம் போட்டு, கீழே ஐந்து எழுத்து. அதைப் பலகையில் எழுதி, "நைஃப்" என்றாள். பிள்ளைகளும் "நைஃப்" என்று கத்தினார்கள். முன்வரிசையில் ரங்கம்மா என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், மொதல்ல 'கே' இருக்குதே, அது எதுக்கு?"

சரோஜம்மாள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளியில் படித்தபோது இந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள்; ஒருநாளும் இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. அவள் சொல்லிக்கொடுத்த இந்தியில் சும்மா நிற்கிற எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே முதல் எழுத்தே வாய் திறக்காமல் நிற்கிறது! அதட்டி உட்காரவைக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெரியலம்மா. கேட்டுக்கினு வந்து நாளைக்குச் சொல்றேன்."

தெரியாது என்று சொன்ன டீச்சரை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. பிறகு பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தன். மணி அடிக்கும்வரை கேள்விக்கு ஓய்வே இல்லை.

மாலையில் சரோஜம்மாள், ஓசூரில் பாதிரியார் மனைவி ஜெபசீலியின் வீட்டுக்கு ஓடினாள்.

"முந்தி அந்த 'கே'யையும் சேர்த்துத்தான் சொன்னாங்களாம் டீச்சர். நாக்கு விட்டுடுச்சி, எழுத்து நின்னுபோச்சி," என்று சிரித்தார் ஜெபசீலி.

அன்றிலிருந்து தினமும் பிள்ளைகளின் கேள்விகளோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே வகுப்பில் சொன்னாள். ஆண்டு முடிவில் ஆறு பேர் இங்கிலீஷில் தோற்றார்கள். திம்மப்பன் முகம் சுளித்தார்.

அடுத்த மே மாதம், ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவர் சென்றாயன் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அத்திப்பள்ளில இந்தி டீச்சர் வேணுமாம்! எல்லையத் தாண்டினா உன் பழைய வேலையே கெடைக்குது. வா, போய்ப் பேசிட்டு வரலாம்."

ஒரு வருடமாக அவள் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

"வேணாங்க," என்றாள் சரோஜம்மாள். "அந்த ஆறு பேரும் மறுபடி என்கிட்டதான் வருவாங்க."

சென்றாயன் வாயைப் பிளந்து நின்றார். அவரைவிட அதிகமாக அதிர்ந்துபோனது, சொன்னவள்தான்.